கரையிலிருந்தே கடலுக்குள்: துலாம்பெனா, தஹாபா, பொனேரா?

தம்பி போன வருடம் அந்தமானில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. "அக்கா, அடுத்த லீவுக்கு எங்கே இறங்கலாம், சொல்லு." எனக்கு அறுபது டைவுக்கு மேல் ஆகிவிட்டது. அவனுக்கு ஆறு. இருவருக்கும் ஒத்துவந்த லீவு ஒன்பது நாள். அப்புறம், சின்னப் படகில் அரை மணி நேரம் ஆடினாலே அவனுக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். அந்தமானில் பாதிப் பொழுது அப்படித்தான் போனது. அதனால் படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்து இறங்கும் இடமாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

கரை டைவுக்குப் பேர்போன மூன்று இடங்கள் எங்கள் முன் இருந்தன. பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலாம்பென். எகிப்தின் சினாய்ப் பகுதியில் தஹாப். கரீபியன் கடலில் பொனேர். தஹாபில் சில வருடங்களுக்கு முன் ஒரு வாரம் இருந்திருக்கிறேன். துலாம்பெனுக்குத் தெற்கு பாலியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பியிருக்கிறேன். பொனேருக்குப் போனதில்லை, டொராண்டோவில் இருக்கும் தோழி வருடா வருடம் போகிறாள், அவளிடம் மணிக்கணக்கில் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எங்கே என்ன மீன் தெரியும் என்ற பட்டியலை வைத்துத்தான் பெரும்பாலானோர் இடம் தேர்ந்தெடுக்கிறார்கள். கரை டைவுக்கு அது போதாது. படகிலிருந்து குதித்தால் நேராக ஆழத் தண்ணீரில் இருப்போம். கரையிலிருந்து இறங்கும்போது காற்று டேங்கும், தண்ணீருக்குள் அமிழ உதவும் ஈயக் கட்டிகளுமாக இருபது கிலோவுக்கு மேல் உடம்பில் கட்டிக்கொண்டு, அலை உடையும் இடத்தைக் கால் வழுக்காமல் தாண்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, களைத்த உடம்போடு அதே இடத்தைத் திரும்பவும் தாண்ட வேண்டும். காயம் படுவதும், மாஸ்க்கைத் தொலைப்பதும், புதியவர்கள் பயந்து போவதும் பெரும்பாலும் அந்தப் பத்து மீட்டரில்தான். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டேன். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது? காற்று எந்த நேரத்தில் எழும்புகிறது? இறங்கி ஏறும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?

பொனேர்: எல்லாச் சுதந்திரமும், எல்லாப் பொறுப்பும்

பொனேரைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பட்டியலிலிருந்து முதலில் விழுந்தது அதுதான். கரை டைவுக்காகவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகும் தீவு. 1979-லேயே சுற்றியிருக்கும் கடலைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் ஒவ்வொரு டைவ் இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் நான்கைந்து டேங்குகளைப் போட்டுக்கொண்டு, பிடித்த மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கிவிடலாம். கைடு வேண்டியதில்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் எத்தனை டேங்க் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. சூறாவளிகளின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருப்பதால் பருவம் பார்த்துப் போக வேண்டிய அவசியமும் குறைவு.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு நாம் தகுதியாக இருக்க வேண்டும். இறங்கும் இடம் பல இடங்களில் கூரான பழைய பவளப் பாறை. அதற்கப்புறம் உடைந்த பவளக் கற்கள். எங்கே கால் வைப்பது, இன்றைய அலையில் இறங்கலாமா கூடாதா என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள், நீங்களும் உங்கள் துணையும்தான். சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்ட வேண்டும். வண்டிக்குள் ஒரு பொருளும் வைக்காமல், ஜன்னலைத் திறந்துவிட்டு இறங்குவதுதான் அங்கே வழக்கம் என்றாள் தோழி. பூட்டி வைத்தால் கண்ணாடியை உடைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்களாம். பூங்காக் கட்டணம் வருடத்துக்கு 40 டாலர். முதல் நாள் விதிமுறைகளை விளக்கி, ஒரு சோதனை டைவும் செய்த பிறகுதான் மற்ற இடங்களுக்கு விடுவார்கள். கையுறை போடக் கூடாது, போட்டால் பவளத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் என்பதற்காக. இந்த விதிகள் எல்லாமே எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் சென்னையிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போய்வருவதற்கே ஒன்பது நாளில் நான்கு நாள் கரைந்துவிடும். ஆறு டைவ் மட்டுமே முடித்தவனைக் கூட்டிக்கொண்டு, நானே கைடாகவும் டிரைவராகவும் இருந்து இறங்க எனக்குத் துணிவு இல்லை. இருவருக்கும் ஐம்பது டைவாவது முடிந்து, இரண்டு வாரம் லீவும் இருந்தால் பொனேர்தான் என் முதல் தேர்வு. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் நம் ஆட்களுக்குத் தூரமும் ஒரு பொருட்டில்லை.

தஹாப்: தெளிந்த தண்ணீர், எழும்பும் காற்று

தஹாபை ஒதுக்கத்தான் மனம் வரவில்லை. அகாபா வளைகுடாவின் தண்ணீரை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு பசுமையும் இல்லாத செம்மண் நிற மலை, கீழே அப்படி ஒரு நீலம். கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே பவளத் தட்டு முடிந்து, சுவர் போலச் சரிவு தொடங்கிவிடும். ஷார்ம் எல் ஷேக் விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு, பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும்.

புதியவர்களுக்கு ஊருக்குள்ளேயே லைட்ஹவுஸ் என்ற இடம். டீக்கடை மேசைக்கு எதிரிலேயே இறங்கலாம். கோர்ஸ் நடத்துபவர்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குகிறார்கள். கொஞ்சம் வடக்கே ஈல் கார்டன். மணலிலிருந்து நூற்றுக்கணக்கான மெல்லிய விலாங்குகள் பாதி உடம்பை வெளியே நீட்டி நாற்று போல அசைந்துகொண்டிருக்கும், நாம் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக மணலுக்குள் இறங்கிவிடும். இன்னும் வடக்கே கேன்யன், கடல்தரையில் விழுந்த நீண்ட பிளவு. அதற்குள் இறங்கினால் முப்பது மீட்டர் வரை போய்விடுவோம். வெறும் ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர் என்பதால் தம்பிக்கு அது கிடையாது.

அப்புறம் ப்ளூ ஹோல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தஹாப் என்றதும் எல்லாரும் கேட்பது இதைத்தான். பவளத் தட்டுக்கு நடுவே நூறு மீட்டருக்கு மேல் ஆழமான வட்டக் குழி. அதிலிருந்து வெளிக்கடலுக்குப் போக சுமார் 55 மீட்டர் ஆழத்தில் ஒரு வளைவு வாசல் இருக்கிறது. நம்மைப் போல் பொழுதுபோக்குக்காக இறங்குபவர்களுக்கு அதிகபட்ச எல்லையே 40 மீட்டர். சாதாரண டேங்க் காற்றோடு அந்த வாசலைத் தாண்டப் போய்த் திரும்பாதவர்கள் பலர். அந்த ஆழத்தில் நைட்ரஜன் தலைக்கேறிப் புத்தி மந்தமாகும். காற்று கரையில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாகத் தீரும். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதால் வாசலின் மறுமுனை கிட்டத்தில் இருப்பது போலவே தோன்றும். கரையில் பாறையில் பதித்திருக்கும் நினைவுக் கற்களை நின்று படித்துவிட்டுத்தான் நான் இறங்கினேன். முறையாகச் செய்யும் டைவ் வேறு: பெல்ஸ் என்ற இடத்தில் பாறையிலுள்ள குறுகிய வழியாக இறங்கி, வெளிச் சுவரை ஒட்டியே நீந்தி, ஆறேழு மீட்டர் ஆழத்திலுள்ள மேடான பகுதியைத் தாண்டிக் குழிக்குள் வந்து கரையேறுவது. அழகான டைவ். ஆனால் தொடக்கத்திலேயே 25 மீட்டரைத் தாண்டிவிடும். கைடு இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

தஹாபின் சிக்கல் காற்று. விண்ட்சர்ஃபிங்குக்கு ஆட்கள் குவியும் ஊர் என்பதிலிருந்தே புரியும். வடக்கிலிருந்து அடிக்கும் காற்று எழும்பிவிட்டால் வடபகுதி இடங்களில் பவளத் தட்டின் மேல் அலை புரளும். இடுப்பளவு தண்ணீரில், முள்ளெலி போன்ற கடல்முள்ளிகளுக்கு நடுவே நின்று ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மாட்ட வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் 21, 22 டிகிரி வரை இறங்கும். நம் ஊர் உடம்புக்கு அது நல்ல குளிர். உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் ஐந்து மில்லிமீட்டரில், சிலருக்கு அதற்கு மேல் ஒரு ஹூடும் வேண்டும். சூட் தடிமனாக ஆக ஈயமும் கூடும், கரையில் நடப்பது இன்னும் கஷ்டம்.

துலாம்பென்: உருண்டைக் கல்லும் உடைந்த கப்பலும்

துலாம்பென் கிராமம் அகுங் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மணல் கிடையாது. கரை முழுவதும் கறுத்த உருண்டைக் கற்கள், முஷ்டி அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. அலை பின்வாங்கும்போது அவை ஒன்றோடொன்று உருண்டு, பெரிய பாத்திரத்தில் புளியங்கொட்டையைக் குலுக்கியது போல ஒரு சத்தம் வரும். இரவில் படுக்கையிலிருந்தே அது கேட்கும்.

அந்தக் கரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் நீந்தினால் லிபர்ட்டி. அமெரிக்க ராணுவத்தின் சரக்குக் கப்பல், நீளம் 120 மீட்டருக்கும் மேல். 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணைக்குப் பக்கத்தில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அதை டார்பிடோவால் தாக்கியது. இரண்டு போர்க்கப்பல்கள் கட்டி இழுத்து சிங்கராஜா துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தன. தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே போனதால் துலாம்பென் கரையிலேயே தட்ட வைத்துவிட்டார்கள். இருபத்தோரு வருடம் அது கரையில்தான் கிடந்தது. 1963-இல் அகுங் வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு அதைக் கடலுக்குள் தள்ளியது. இப்போது ஒருபுறமாகச் சாய்ந்து, ஐந்து மீட்டரிலிருந்து ஏறக்குறைய முப்பது மீட்டர் வரை சரிவில் கிடக்கிறது.

எங்கள் முடிவைத் திருப்பியது இந்தக் கடைசி வரிதான். பெரிய கப்பல் என்றாலே பெரும்பாலும் ஆழம், படகு, நிறைய அனுபவம் என்று வரும். இங்கே 18 மீட்டருக்கு மேல் இறங்காமலேயே தம்பியால் கப்பலின் பெரும்பகுதியைப் பார்க்க முடிந்தது. நானும் அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். இருவருக்கும் இரண்டு தனி கைடு எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

இறங்குவது? கல் வழுக்கும், சந்தேகமே இல்லை. முதல் நாள் கைடு எங்களைக் கரையில் நிற்க வைத்து ஐந்து நிமிடம் அலையை மட்டும் பார்க்கச் சொன்னார். பெரிய அலைகள் சில சேர்ந்தாற்போல வரும், பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில் இறங்க வேண்டும். பிசிடியில் (காற்றேற்றினால் நம்மை மிதக்க வைக்கும் ஜாக்கெட்) காற்று ஏற்றி, மாஸ்க் போட்டு, டேங்க் காற்றை மூச்சிழுக்கும் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு, ஃபின்களைக் கையில் பிடித்தபடி, பாதத்தைத் தூக்காமல் கல்லோடு தேய்த்துத் தேய்த்து நடப்பது. இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்ததும் மிதந்துகொண்டே ஃபின் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போதும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கக் கூடாது. அலை கவிழ்த்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காமல் கையும் காலுமாக ஊர்ந்து வந்துவிட வேண்டும். தம்பி இரண்டாம் நாள் அப்படி ஊர்ந்துதான் வந்தான். முட்டியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

டேங்கைச் சுமக்க வேண்டியதில்லை என்பது துலாம்பெனின் பெரிய அனுகூலம். கிராமத்துப் பெண்கள் அதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றி, பிசிடி மாட்டிய டேங்கை அப்படியே ஏற்றிக்கொண்டு, வெறும் ரப்பர் செருப்போடு அந்தக் கற்களின் மேல் நடந்து போகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு இபு ஒரே நடையில் இரண்டு டேங்க் கொண்டுவந்ததைப் பார்த்தேன். அங்கே மூத்த பெண்களை இபு என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாம் அம்மா என்பது போல. அவர்களுக்கான கூலி கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம்தான் மிக முக்கியம். நான் முதல் தடவை தெற்கிலிருந்து மூன்று மணி நேரம் பயணம் செய்து பத்து மணிக்கு வந்து இறங்கியபோது கப்பலைவிட அதிகமாக மற்றவர்களின் ஃபின்களைத்தான் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். இந்த முறை துலாம்பெனிலேயே தங்கினோம். காலை ஆறு மணிக்கெல்லாம் தண்ணீரில் இருந்தோம். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கப்பலின் இடுக்குகளிலிருந்து தூக்கம் கலைந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. மேலே வெளிச்சம் ஏற ஏறப் பாரைக் கூட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு சீலா தனியாக நின்று எங்களையே பார்த்தது. கப்பலில் எங்களைத் தவிர வேறு நான்கு பேர்தான்.

லிபர்ட்டி தவிர, கோரல் கார்டன் ஆழம் குறைந்த, சும்மா மிதந்தபடி பார்க்கக்கூடிய இடம். பழக்கம் விட்டுப்போனவர்கள் முதல் டைவை அங்கே வைத்துக்கொள்ளலாம். டிராப்-ஆஃப் ஒரு சுவர், பெரிய கடல்விசிறிகள் உண்டு. செராயாவில் கறுப்பு மணலில் நகத்தளவு இறால்களையும் நத்தைகளையும் தேடிப் பார்க்கலாம். கேமராக்காரர்களுக்குச் சொர்க்கம், தம்பிக்கு இருபது நிமிடத்தில் அலுத்துவிட்டது. அரை மணி தூரத்தில் ஆமெட். ஜெமெலுக் விரிகுடாவில் அலை குறைவு, இறங்குவது துலாம்பெனைவிட எளிது. துலாம்பென் கல் உங்களுக்குப் பயமாக இருந்தால் ஆமெட்டில் தங்கி, லிபர்ட்டிக்கு மட்டும் விடியற்காலையில் வந்து போகலாம். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

எதை வாடகைக்கு எடுப்பது, எதைக் கொண்டுபோவது

இதில் நான் கறாராகவே இருப்பேன். மாஸ்க், பூட்ஸ், டைவ் கம்ப்யூட்டர் மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். பிசிடி, ரெகுலேட்டர், வெட்சூட், ஃபின், ஈயம், டேங்க் எல்லாம் போகுமிடத்தில் எடுத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவருக்கு, பிசிடியும் ரெகுலேட்டரும் வாங்கி, வருடா வருடம் சர்வீஸ் செய்து, ஆறேழு கிலோ லக்கேஜும் ஏற்றிக்கொண்டு போவது கட்டுப்படியாகாது.

மாஸ்க் ஏன் என்றால், முகத்துக்கு முகம் மாறும் பொருள் அது. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சிழுத்தால் கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்குக் கண்ணாடி பவர் உண்டு. வாடகை மாஸ்க்கில் என் பவர் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. தம்பிக்கு மீசை. மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவு கத்தரித்துக்கொண்ட பிறகுதான் அவன் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிவது நின்றது.

பூட்ஸைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படகு டைவ் அதிகம் நடக்கும் கடைகளில் பாதம் முழுவதையும் மூடும், வெறுங்காலில் மாட்டும் ஃபின்தான் வைத்திருப்பார்கள். துலாம்பென் கல்லிலோ பொனேர் பாறையிலோ அதைப் போட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கெட்டியான அடிப்பகுதி உள்ள பூட்ஸும், அதற்கு மேல் வார் வைத்து மாட்டும் ஃபினும் வேண்டும். பதிவு செய்யும்போதே "பூட்ஸ் உண்டா, என் அளவில் உண்டா" என்று எழுதிக் கேளுங்கள். என் கால் சின்னது; அதனால் பூட்ஸைச் சென்னையிலிருந்தே எடுத்துப் போனேன்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் காரணம் வேறு. முந்தைய டைவில் உடம்பில் தங்கிய நைட்ரஜனை அது கணக்கில் வைத்திருக்கிறது. இன்று ஒரு கடையின் கம்ப்யூட்டர், நாளை இன்னொன்று என்று மாற்றினால் நாளைக்குக் கட்டியிருப்பதற்கு உங்கள் இன்றைய டைவ் தெரியாது. வாடகைக்கு எடுப்பதானால் பயணம் முழுவதும் ஒரே கருவியாக இருக்கட்டும். இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், ஆளுக்கொன்று வேண்டும்.

வாடகைச் சாமானை வாங்கியதும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒரு சம்பவத்துக்குப் பிறகு வந்தது. வேறொரு ஊரில், கடை எது என்று சொல்ல வேண்டாம், ஒன்பது மீட்டரில் பிசிடியின் காற்றேற்றும் பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டது. உப்பு படிந்து இறுகியிருந்தது. நான் தொடாமலேயே பிசிடி உப்பிக்கொண்டு போக, உடம்பு மேலே கிளம்பிவிட்டது. கோர்ஸில் சொல்லித் தந்தபடி குழாயைக் கழற்றிவிட்டு, வால்வ் கயிற்றை இழுத்துக் காற்றை வெளியேற்றினேன். ஆறு மீட்டரில் நிதானத்துக்கு வந்தேன். இன்னும் ஆழத்தில் நடந்திருந்தால் கதை வேறு.

அதனால் இப்போது செய்வது இது. டேங்கைத் திறக்கும் முன் ரெகுலேட்டரை வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பேன்; காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ ரப்பர் கிழிந்திருக்கிறது, தண்ணீரும் அந்த வழியே உள்ளே வரும். டேங்கைத் திறந்த பிறகு, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சிழுப்பேன். முள் ஆடினால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. பிசிடியை முழுக்க ஊதிவிட்டுப் பதினைந்து நிமிடம் அப்படியே வைப்பேன், தளர்ந்தால் வேறு கேட்பேன். காற்றேற்றும் பொத்தானை இருபது தடவை அழுத்தி விடுவேன், ஒவ்வொரு தடவையும் சட்டென்று மேலே வர வேண்டும். வாயில் வைக்கும் ரப்பர் துண்டில் கடித்த ஓட்டை இருக்கிறதா, குழாய்கள் உலோகத்தோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்ப்பேன். துணையின் அவசரத்துக்கான இரண்டாவது ரெகுலேட்டரிலும் மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். காற்றில் எண்ணெய் வாசனையோ கசப்போ இருந்தால் அந்த டேங்க் வேண்டாம். முழுதும் முடிய அரை மணி நேரம் ஆகும். இதற்கு முகம் சுளிக்கும் கடையில் நான் இறங்க மாட்டேன். துலாம்பென் கடையில் ஒரு பிசிடி தளர்ந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வேறு கொடுத்தார்கள்.

ரெகுலேட்டரைச் சொந்தமாகக் கொண்டுபோகிறவர்கள் டேங்க் வாய் எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திருகி மாட்டும் டின் வகை ஒன்று, மேலே கவ்விப் பிடிக்கும் யோக் வகை இன்னொன்று. ஒரு சின்ன அடாப்டர் பையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஈயத்தின் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். செங்கடலில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் உப்பு, மற்ற கடல்களில் பொதுவாக 35. அந்த வித்தியாசத்துக்கே அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈயம் கூடும். தடிமன் சூட்டுக்கு அதற்கும் மேல். அலுமினியம் டேங்க் என்றால் இன்னொன்றும் உண்டு. டேங்க் அழுத்தம் 200 பாரில் தொடங்கி 50 பாரில் முடிக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ காற்று தீர்ந்திருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்த ஈயம் கடைசியில் போதாமல் போய், உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில் பலூன் போல மேலே போய்விடுவோம். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கி, தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், மேலே இருப்பவர் கயிற்றால் இழுத்துக்கொள்வார். நாம் டைவ் முழுக்கச் சுமக்கிறோம் என்பதால் முதல் நாளே, டேங்க் தீரும் நேரத்தில், ஆழம் குறைந்த இடத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. தம்பிக்கு அந்தமானில் கொடுத்ததைவிட ஒரு கிலோ குறைத்தோம். அதற்கப்புறம் அவன் கப்பலின் மேல் தத்தளிக்காமல் நீந்தினான்.

செலவும் நாட்களும்

துலாம்பென் எங்களுக்கு ஒத்துவந்ததில் போக்குவரத்துக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக டென்பசார், அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் கிடைக்கும் விசா, 30 நாளுக்கு 5 லட்சம் ருபியா. பாலிக்கான சுற்றுலா வரி 2024 முதல் ஆளுக்கு 1.5 லட்சம் ருபியா. கடைகள் சொல்லும் கட்டணத்தை ஒப்பிடும்போது ஒரே மாதிரி கேள்விகளை எல்லாரிடமும் கேளுங்கள்: கைடு சேர்ந்ததா, ஒரு கைடுக்கு எத்தனை பேர், முழுச் சாமானும் சேர்ந்ததா, சுமை கூலி, கரை நுழைவுக் கட்டணம் தனியா. நாங்கள் கேட்ட மூன்று கடைகளில் மலிவாகத் தெரிந்ததுதான் இவை எல்லாவற்றையும் கூட்டியதும் அதிகமாக வந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை கடல் பொதுவாக அமைதி. மழைக்காலத்தில் அலை எழும்பினால் அந்தக் கல் கரையில் இறங்கவே முடியாத நாட்களும் வரும்.

இன்ஷூரன்ஸ் கட்டாயம். நம் ஊரில் எடுக்கும் பல பயணப் பாலிசிகளில் ஸ்கூபாவை விலக்கி வைத்திருப்பார்கள், அல்லது ஆழத்துக்கு எல்லை போட்டிருப்பார்கள். படித்துப் பார்த்து, தேவையென்றால் டைவர்களுக்கான தனிப் பாலிசி எடுங்கள். துலாம்பெனில் ஒருவருக்கு அழுத்த நோய் (தங்கிய நைட்ரஜன் உடம்புக்குள் குமிழாகும் கோளாறு) வந்தால் சிகிச்சை அறை இருப்பது டென்பசாரில், மூன்று மணி நேரத் தூரம். இந்த விஷயத்தில் தஹாபுக்கும் பொனேருக்கும் உள்ள வசதி துலாம்பெனுக்கு இல்லை. அதை ஈடுகட்டத்தான் நாளுக்கு இரண்டு டைவோடு நிறுத்திக்கொண்டோம்.

கடைசியாக மலை. பல நாட்கள் தொடர்ந்து இறங்கினால், உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். உயரமான மலைச் சாலைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பாலி டிரைவர்கள், "போகிற வழியில் கிந்தாமணி பார்த்துவிடலாம்" என்று ஆசையோடு கேட்பார்கள். அது 1,400 மீட்டருக்கு மேல். பெசாகி கோயில், லெம்புயாங் கோயில் எல்லாம் மலை மேல்தான். தஹாபில் இருப்பவர்கள் சினாய் மலை ஏற ஆசைப்படுவார்கள், அது 2,285 மீட்டர். இவற்றை முதல் டைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நாங்கள் விமானத்திலிருந்து இறங்கிய அன்றே கிந்தாமணி போய்விட்டு, அதற்கப்புறம்தான் துலாம்பெனுக்கு வந்தோம். கடைசி டைவை ஊர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கே முடித்தாயிற்று. மிச்சப் பொழுதுக்குத் தீர்த்த கங்கா இருக்கிறது, கராங்கசெம் அரசர் கட்டிய நீர் மாளிகை. பெயரே நம் தீர்த்தமும் கங்கையும்தான். டென்பசார் போகும் கீழ்ச் சாலையிலேயே வருகிறது. உலர்ந்த பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனோம். குளத்துக்கு நடுவே பதித்த கற்களின் மேல் நடக்கும்போதும் தம்பி பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத்தான் நடந்தான்.